விளைவிப்போர் உண்ணும் ஆகாரம்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்காக ஏற்பட்ட பிரசங்கம்)



தம் நிலத்தில் நெல் விளைவிக்கும் குடியானவர் ஒருவர், அறுவடையானதும் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிடுகிறார். விதைக்கும், உரத்துக்கும், ஆள் கூலிக்கும் பட்ட கடன் அவரைக் காத்திருக்க விடுவதில்லை. இரண்டொரு வாரம் சென்றபின் அவர் வீட்டார் கடைக்குப் போய், எங்கோ ஓர் ஆலையில் தீட்டி வெளுக்கப்பட்ட அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கி வருகிறார்கள். சில வருஷங்களுக்குப் பிறகு அதே குடும்பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றும், மற்றொருவருக்குச் சோகை என்றும் வைத்தியர் சொல்கிறார். தவிட்டோடு ஆலையில் விட்டுவந்த சத்தை மருந்துக்கடையில் மாத்திரையாக வாங்க நேரிடுகிறது.

களத்தில் விற்றது, கடையில் வாங்கியது, மருந்துக்குச் செலவிட்டது ஆகிய இம்மூன்றும் தனித்தனிக் காரியங்களாகத் தோன்றினும், ஒன்றிலிருந்து ஒன்று விளைந்தவையே. இதைத் தனி மனிதர் ஒருவர் மாற்றுவது கடினம். பலர் கூடிய சங்கம் மாற்றக்கூடும். அது எவ்வாறு என்பதே இப்பிரசங்கத்தின் விஷயமாகும்.

ஊரின் ஸ்திதி

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், அரியாங்குப்பத்தையும் நோணாங்குப்பத்தில் ஓடும் சுண்ணாம்பாற்றையும் கடந்தால் தவளக்குப்பம் வரும். கிழக்கே நல்லவாடு முதலிய மீனவர் கிராமங்களும் கடலும் உள்ளன. தென்மேற்கே பாகூர் ஏரியின் பாசன வயல்கள் இருக்கின்றன. வடக்கே சில மைல் தூரத்தில் புதுச்சேரிப் பட்டணத்தின் பெரிய சந்தைகள் இருக்கின்றன. நெல், பயறு, தென்னை, காய்கறி, பால், மீன் ஆகிய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் இடம் இது. இத்தகைய இடத்தில் ஜனங்கள் போஷாக்குக் குறைவால் வருந்துவதற்கு நியாயமே இல்லை.

ஆயினும் கணக்கு வேறுவிதமாயிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையுடன் நாடு முழுவதும் நடத்தப்பட்ட பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ம் வருஷம் வெளியாயிற்று. இந்தியாவில் வயதுவந்தோரில் 100-க்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கூறுகிறது. புதுச்சேரியில் இத்தொகை 100-க்கு 26.3 ஆகும், அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல். கோவாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே இதுவே அதிகம். மறுபுறத்தில், 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசீய குடும்ப சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள ஸ்திரீகளில் 100-க்கு 57 பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கும் சோகை இருந்தது. ஒரே வீட்டில் தகப்பனாருக்குச் சர்க்கரை மிகுதியும் மகளுக்கு இரத்தக் குறைவும் காணப்படுவது இக்காலத்தில் ஆச்சரியமன்று.

நிலத்தின் ஸ்திதியும் கவனிக்கத்தக்கது. கடலோரமாகிய இப்பிரதேசத்தில் ஆழ்குழாய்க் கிணறுகளால் நீரை அளவுக்கு மிஞ்சி இறைப்பதால், பூமிக்கடியில் உப்புநீர் உள்ளே புகுகிறது. பூர்வத்தில் ஏரிகளே பாசனத்துக்கு ஆதாரமாயிருந்தன. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரிகளைப் பராமரிக்க விவசாயிகளின் சங்கங்களும் பொது நிதியும் இருந்தன. கிணறுகளில் இயந்திரங்கள் பெருகியபின் ஏரியைப்பற்றிய கவலை குறைந்தது. ஐரோப்பிய ஐக்கியத்தின் பொருளுதவியால் 1999-ம் வருஷம் தொடங்கிய திட்டத்தில் புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகள் செப்பனிடப்பட்டன. ஏரிதோறும் விவசாயிகள் சங்கமும் அமைக்கப்பட்டது. ஏரி நிரம்பினால் கிணறும் நிரம்பும். கிணறு நிரம்பினால் உப்பு விலகி நிற்கும். ஆகையால் ஏரியைக் காப்பது ஆகாரத்தைக் காப்பதற்கு முதற்படியாகும்.

தவிட்டின் சரித்திரம்

நெல்லை உமி மாத்திரம் நீக்கினால் கிடைப்பது பழுப்பு நிறமுள்ள அரிசி. அதன் மேல் தோலும் முளையும் சேர்ந்ததே தவிடு. 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமியும், 8 முதல் 10 கிலோ வரை தவிடும் போக, எஞ்சுவது வெள்ளரிசி. அளவில் சிறிதாயினும், நார்ச்சத்து, கொழுப்பு, பி வகையைச் சேர்ந்த ஜீவசத்துக்கள், தாதுப்பொருள்கள் ஆகியவற்றின் பெரும்பங்கு இத்தவிட்டிலேயே அடங்கியிருக்கிறது.

இவ்வுண்மை உலகத்துக்கு விளங்கியது பெருந்துன்பத்தின் மூலமாகவே. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், கீழ்த்திசை நாடுகளில் பெரிபெரி என்னும் வியாதி பல்லாயிரம் பேரைக் கொன்றது. ஜாவாத் தீவில் இருந்த எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தவுடன் எழுந்து நடப்பதையும் கண்டார். அவருக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மலேயாவில் கண்டது தமிழர்களுக்கு இன்னும் நெருங்கிய விஷயம். அங்கே வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அதே நாட்டில் அதே தட்பவெப்பத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளருக்கோ அவ்வியாதி அரிதாகவே வந்தது. பிராடன் என்னும் வைத்தியர் இதை ஆராய்ந்து, தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதே காரணம் என்று 1907-ல் எழுதினார். நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள ஜீவசத்து உள்ளே இறங்கி அரிசியில் தங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. குன்னூர் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1935 முதல் இருந்த அய்க்ராய்ட் என்பவரும் இதையே கண்டார். சென்னை மாகாணத்தில் பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது இல்லை. பெயர் தெரியாத பாட்டிமார் நெல் புழுக்கிய பானை, விஞ்ஞானம் பிறக்குமுன்பே பல தலைமுறைகளைக் காத்திருக்கிறது.

நிற்க, இதைக்கொண்டு புழுங்கலரிசிச் சோற்றை வேண்டுமட்டும் உண்ணலாம் என்று கொள்ளலாகாது. அக்காலத்து வியாதி ஒரு சத்து இல்லாமையால் வந்தது. இக்காலத்து நீரிழிவு, ஒன்று மிகுந்து மற்றவை குறைந்ததால் வருவது. பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன் ஆகிய வேறு காரணங்களும் அதற்கு உண்டு. ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசியே தட்டை நிரப்புவது அக்காரணங்களுக்குத் துணைபுரிகிறது. ஏர் உழுது, நீர் இறைத்து, களை பறித்த உடலுக்கு ஏற்ற சோற்றின் அளவு, டிராக்டரும் மோட்டாரும் வந்த பிறகும் குறையாமலிருப்பது கவனிக்கத்தக்கது.

எலிகள் கற்பித்த பாடம்

குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிஸன் என்னும் வைத்தியர், இந்தியாவின் பல பகுதியாரும் உண்ணும் ஆகாரங்களைத் தனித்தனிக் கூட்டமான எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி இவற்றோடு கூடிய சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் சராசரி 235 கிராம் எடை வளர்ந்தன. அரிசியே பிரதானமாயும் பால், காய்கறி குறைவாயும் உள்ள சென்னைப் பகுதி ஆகாரத்தைத் தின்றவை 155 கிராமே வளர்ந்தன. தமிழர் உணவு தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. சோற்றைச் சுற்றி வைக்கப்பட வேண்டியவை வைக்கப்படாமற்போனதே குறை. கீரை, பருப்பு, மோர், மீன், காய் இவை சேர்ந்தால் அதே சோறு பூரண ஆகாரமாகும்.

குன்னூர் நிலையம் பிற்காலத்தில் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசீய போஷாக்கு நிலையம் என்ற பெயருடன் விளங்குகிறது. அது 2024-ம் வருஷம் வெளியிட்ட போதனையின்படி, நாள் ஒன்றுக்கு 2,000 கலோரி வேண்டிய ஒருவருடைய தட்டில் தானியம் ஏறக்குறைய 250 கிராம் இருந்தால் போதும். காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, மீன், இறைச்சி 85 கிராம், வேர்க்கடலை போன்ற கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் இருக்கவேண்டும். கடின உழைப்பாளிக்குத் தானியத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். இவ்வளவை ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் தட்டோடு ஒத்துப்பார்ப்பாராயின், தானியம் இரட்டிப்பாயும் காய்கறி நாலிலொரு பங்காயும் இருப்பதை அநேகர் காண்பர்.

இதில் வேண்டிய பொருள்களில் கடல் கடந்து வரவேண்டியது ஒன்றுமில்லை. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் இருப்பதே அரிது. கம்பில் இரும்புச்சத்து மிகுதி. வேலியோரத்து முருங்கையும் அகத்தியும் கண்ணுக்கும் இரத்தத்துக்கும் உதவுவன. நல்லவாட்டுக் கரையில் இறங்கும் நெத்திலியும் கவலையும் விலையுயர்ந்த பெருமீன்களுக்குச் சத்தில் இளைத்தவையல்ல. சிறுமீனை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து கிடைக்கிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும். உணவுடனே தேநீரும் காப்பியும் அருந்தினால் அது தடைப்படும். சோகையுள்ள பெண்கள் இதை முக்கியமாய் அறியவேண்டும்.

எருவும் பயிரும்

நல்ல ஆகாரம் நல்ல மண்ணிலிருந்தே வரவேண்டும். கோயமுத்தூர் விவசாயக் கலாசாலையில் 1909-ம் வருஷம் தொடங்கிய நிரந்தர எருப் பரீட்சை வயல்கள் பிரசித்தமானவை. அவற்றில் விளைந்த தானியத்தைக் கொண்டு மக்காரிஸனும் விஸ்வநாதும் 1926-ல் வெளியிட்ட முடிவில், மாட்டெரு இட்ட வயலின் தானியம் இரசாயன உரம் இட்ட வயலின் தானியத்தைவிடப் புஷ்டி மிகுந்தது என்று கூறினர். பிற்கால ஆராய்ச்சிகள் யாவும் இதை ஒருமுகமாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மக்கிய எரு மண்ணைப் பதப்படுத்தி, நீரைப் பிடித்துவைத்து, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்க்கிறது என்பதில் ஐயமில்லை. உப்பு ஏறும் கடலோர நிலத்துக்கும், மணற்பாங்கான நிலத்துக்கும் இது இரட்டிப்பு அவசியம்.

இங்கே கணக்கு ஒன்றை மறைக்கலாகாது. 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அவ்வளவு தழைச்சத்தைச் சாதாரண மாட்டெருவால் கொடுக்க வேண்டுமானால் நான்கு டன் எரு வேண்டும். மாடு குறைந்துபோன கிராமத்தில் இதற்கு எங்கே போவது என்று குடியானவர் கேட்பது நியாயமே. அண்டை நாடான இலங்கையில் நிகழ்ந்தது இதற்குச் சாட்சி. அங்கே 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரென்று தடுக்கப்பட்டது. நெல் விளைவு வெகுவாகக் குறைந்தது, தேயிலையும் குன்றியது. அவ்வருஷ நவம்பரிலேயே தடையைத் தளர்த்த நேர்ந்தது. எரு முன்னே வராமல் உரத்தை நிறுத்தியது அங்கு நேர்ந்த பிழை. ஆகையால் படிப்படியாகச் செல்வதே புத்தியாகும்.

முதற்படி, தழையெரு. தக்கைப்பூண்டையோ சணப்பையையோ நடவுக்கு முன் விதைத்து, ஏறக்குறைய 45 நாளில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், ஏக்கர் ஒன்றுக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமமான தழைச்சத்து கிடைக்கும். கொளுஞ்சி மேட்டு நிலத்துக்கு ஏற்றது. செலவு விதைக்கும் உழவுக்கும் மாத்திரமே.

இரண்டாம்படி, கம்போஸ்டு எரு. ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் வகுத்த முறை இது. வைக்கோற் கழிவு, களை, இலைச்சருகு இவற்றை அடுக்கி, இடையிடையே சாணமும் மண்ணும் சாம்பலும் தூவி, ஈரம் காயாமல் வைத்து மும்முறை புரட்டினால் மூன்று மாதத்தில் நல்ல எரு ஆகிறது. இருக்கும் சிறிதளவு சாணத்தைப் பன்மடங்கு எருவாக்கும் உபாயம் இதுவே. வயலில் தாளைக் கொளுத்துவோர் இந்த எருவையே கொளுத்துகிறார்கள்.

மூன்றாம்படி, பயிர் மாற்றம். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளைக்கு முன், வயலில் ஈரம் இருக்கையில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்தால், பனியிலும் எஞ்சிய ஈரத்திலுமே அது விளைந்துவிடும். அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும்; காய்கள் வீட்டுக்குப் பருப்பாகும். கோடையில் மூன்றாம் போகம் நெல்லுக்காகக் கிணற்றை வற்ற அடிப்பதைவிட, சொற்ப நீரில் விளையும் கேழ்வரகையும் எள்ளையும் பயிரிடுவது கிணற்றுக்கும் குடும்பத்துக்கும் நல்லது.

நான்காம்படி, நெல்லுக்கே நீரைச் சிக்கனமாய் விடுதல். மடகாஸ்கர் தீவில் லொலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ல் கண்ட முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரால் வழங்குகிறது. 14 நாள் வயதுள்ள இளநாற்றை, குத்துக்கு ஒன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, நீரைத் தேக்காமல் காயவிட்டுப் பாய்ச்சி, உருளும் களைக்கருவியால் களையைச் சேற்றிலேயே அமுக்குவது இம்முறை. ஏக்கருக்கு மூன்று கிலோ விதை போதும். முதல் வருஷம் நடவாட்கள் முணுமுணுப்பது உண்டு. கை பழகியபின் அது நின்றுவிடும்.

விதையைப்பற்றியும் ஒரு சொல். இப்பிரதேசம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் உட்பட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் தென்னையையும் முந்திரியையும் வாழையையும் சாய்த்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதனையடுத்துத் தென்பெண்ணையின் வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்தது. எல்லா வயலிலும் ஒரே இரகத்தை ஒரே சமயத்தில் நட்டால் ஒரே வெள்ளம் அனைத்தையும் கொண்டுபோகும். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா, உப்பைத் தாங்கும் குழியடிச்சான் ஆகிய பழைய இரகங்கள் முழுவதும் அழியாமல் இருப்பதற்குக் காரணம், திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 2006 முதல் விதைத் திருவிழா நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட இரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் போன்றோரே. அவர் 2018-ல் காலமானார். அவருக்கு வழிகாட்டியான நம்மாழ்வார் 1938-ல் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய உத்தியோகத்தை விட்டு, 2013-ல் மறையும்வரை இயற்கை வேளாண்மையைக் கிராமங்கிராமமாகப் போதித்தார். இப்பழைய இரகங்கள் விளைவில் குறைந்தவை என்பது மெய்யே. ஆகையால் நிலம் முழுவதும் வேண்டியதில்லை. வீட்டுச் சாப்பாட்டுக்கான பகுதியில் நட்டால் போதும்.

சங்கம் செய்யத்தக்கது

இதுவரை கூறியவற்றில் அநேகம் அங்கத்தினர்களுக்குப் புதியதன்று. தெரிந்தும் ஏன் நடக்கவில்லை என்பதே கேள்வி. கடன் நெருக்கடியும், சாமான் கிடைக்காமையும், தனியே துணியும் பயமுமே காரணங்கள். இம்மூன்றையும் நீக்கவே கூட்டுறவு ஏற்பட்டது. நிக்கல்ஸன் துரையின் ஆராய்ச்சிக்குப் பின், 1904-ம் வருஷச் சட்டத்தின்கீழ் சென்னை மாகாணத்தின் முதல் கிராம நாணய சங்கம் திரூரில் ஏற்பட்டபோது, வட்டிக்காரரிடமிருந்து குடியானவரை மீட்பதே அதன் நோக்கம். இன்று அவரை வியாதியிலிருந்தும் மீட்கவேண்டியிருக்கிறது.

முதலாவது, தானிய ஈட்டுக் கடன். அறுவடையானதும் நெல்லைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன்மேல் ஒரு பகுதித் தொகையைக் கடனாகக் கொடுத்தால், களத்தில் அவசரமாக விற்க வேண்டியதில்லை. விலை ஏறியபின் விற்கலாம். வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, உமி மாத்திரம் நீக்கும் சிறு இயந்திரம். இதில் ஓர் இரகசியம் உண்டு. தவிடுள்ள அரிசியில் எண்ணெய் இருப்பதால், அது இரண்டு மூன்று மாதங்களுக்குள் காறி, புழுவும் பற்றும். வெள்ளரிசியோ வெகுநாள் இருக்கும். தூர தேசத்துக்கு அனுப்பி மாதக்கணக்காகக் கடையில் வைத்து விற்கும் வியாபாரி தவிட்டை நீக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆனால் கிராமச் சங்கமோ நெல்லாக வைத்திருந்து, வாரத்துக்கு வேண்டியதை மாத்திரம் அவ்வப்போது அரைத்துக்கொடுக்கலாம். பெரிய ஆலைக்கு அரிதாயிருப்பதைச் சிறிய சங்கம் சுலபமாய்ச் செய்யும் காரியங்களில் இது ஒன்று. அன்றியும், 100 கிலோ நெல்லில் வெள்ளரிசியைவிட 8 கிலோவுக்குக் குறையாமல் அதிக அரிசி காணும். சோறு சற்றுக் கடினமாயும் நிறம் மங்கலாயும் இருக்கும். முன்னிரவே ஊறவைத்தால் இக்குறை தீரும். முழுத்தவிட்டையும் விரும்பாதோருக்கு அரைத்தீட்டாகக் கொடுக்கலாம்.

மூன்றாவது, விதைப் பண்டகசாலை. தக்கைப்பூண்டு, உளுந்து, கேழ்வரகு, கீரை விதைகளைப் பருவத்துக்கு முன்னே வாங்கி வைத்து, விளைந்தபின் விதைக்கு விதையாகவே திரும்பப் பெறலாம். இந்தியாவின் முதல் வேளாண் விஞ்ஞான நிலையம் 1974-ல் ஏற்பட்டது புதுச்சேரியிலேயே. அதன் நிபுணர்களைச் சங்கத்தார் அழைத்து யோசனை கேட்பது எளிது.

நான்காவது, நிலமில்லாதவர்களை மறவாமை. ஆகார விருத்தி நிலமுள்ளவர்களுக்கு மாத்திரம் பயன்பட்டால் கிராமம் முன்னேறியதாகாது. டாக்டர் சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனம் 1991-ல் தொடங்கி, கிழூர், சிவராந்தகம், பிள்ளையார்குப்பம் ஆகிய புதுச்சேரிக் கிராமங்களில் உயிரியல் கிராமம் என்ற திட்டத்தை நடத்தியது. காளான் வளர்த்தல், கறவை மாடு, குளத்தில் மீன் வளர்த்தல் முதலியவற்றை ஏழைப் பெண்களுக்கும் கூலியாட்களுக்கும் அது கற்பித்தது. வைக்கோலில் விளையும் காளான் விற்பனைக்குமாகும், குழம்புக்குமாகும்.

ஐந்தாவது, விற்பனை. மதுரையில் 1999 நவம்பர் 14-ல் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது, இடைத்தரகரின்றி விவசாயி நேரே விற்கலாம் என்பது நிரூபணமாயிற்று. பாண்லே பால் கூட்டுறவு, வீட்டுக்கு வீடு கறக்கும் சிறிதளவு பாலைச் சேர்த்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதை எல்லோரும் காண்கிறார்கள். பாலுக்கு ஆனது கீரைக்கும் பயறுக்கும் ஆகாதா? பட்டணத்தார் தவிடுள்ள அரிசியையும் சிறுதானியத்தையும் இன்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். 2023-ம் வருஷத்தை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய வருஷமாகக் கொண்டாடியது. ஆயினும் முழுவதையும் பட்டணத்துக்கு அனுப்பிவிட்டு விளைவித்தவர் மீண்டும் வெள்ளரிசியே உண்பாராயின், பழைய கதை புதிய பெயரால் நடப்பதாகும். முன்னொரு காலத்தில் தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகக் கப்பல் கப்பலாய் மார்செய்ல் பட்டணத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. பணம் வந்தது மெய். கொட்டையின் புஷ்டி கடல் கடந்து போயிற்று. ஆகையால், வீட்டுப் பங்கு முதலில், சந்தைப் பங்கு பின்பு என்ற விதியைச் சங்கம் ஏற்படுத்திக்கொள்வது நலம்.

ஒன்றுகூடிய பலன்

இவ்வளவும் சங்கத்தால் ஆகுமா என்று சந்தேகிப்போர், அண்டையிலுள்ள நல்லவாட்டில் நடந்ததை நினைக்கவேண்டும். அங்கே ஊர்ப்பொதுவில் ஒரு செய்தி நிலையம் இருந்தது. மீனவர்களுக்குக் கடலின் நிலையை அறிவிக்க ஒலிபெருக்கியும் வைத்திருந்தனர். 2004 டிசம்பர் 26-ல் சிங்கப்பூரில் இருந்த அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் ஆபத்தை அறிவிக்க, அந்த ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. ஜனங்கள் ஓடித் தப்பினர். பலர் கூடி, சாதாரண நாளின் சாதாரண உபயோகத்துக்காக வைத்த ஒரு சாதனம், ஆயிரக்கணக்கான உயிரைக் காத்தது. சுனாமி ஒரே காலையில் வந்தது. நீரிழிவும் சோகையும் உப்புநீரும் வருஷக்கணக்காய் ஓசையின்றி வருகின்றன. ஓசையில்லாத ஆபத்துக்கே அறிவிப்பு அதிகம் வேண்டும்.

ஆகவே, அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்வருஷம் மூன்று காரியங்களை மாத்திரம் தொடங்கினால் போதும். நிலத்தில் கால் பங்கிலாவது தழையெரு விதைத்து மடக்கி உழவேண்டும். அறுவடையில் வீட்டுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய நெல்லை விற்காமல் நிறுத்தவேண்டும். நாளைக்கு ஒரு வேளையாவது தவிடுள்ள அரிசியோ, கேழ்வரகோ, கம்போ உண்டு, அதோடு கீரையும் பயறும் சேர்க்கவேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் ஆகாரத்தை மாற்றுமுன் வைத்தியரைக் கேட்பதும், தாமே மருந்தை நிறுத்தாமலிருப்பதும் அவசியம்.

சங்கமோ ஒரு நோட்டுப் புஸ்தகம் வைக்கவேண்டும். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் ஆன செலவு, கடையில் வாங்கிய அரிசி, பருப்புக்கு ஆன செலவு, வைத்தியத்துக்கு ஆன செலவு ஆகியவற்றை, மனமிசையும் பத்து வீட்டார் மாதந்தோறும் அதில் எழுதி வரவேண்டும். வருஷ முடிவில் மகாசபைக் கூட்டத்தில் அதைப் படித்துப் பார்க்கட்டும். செலவு குறைந்திருந்தால் மற்றவர்களும் பின்பற்றுவர். குறையாவிடில் எங்கே பிழை என்று ஆராய்ந்து திருத்திக்கொள்ளலாம். பிறர் சொல்லும் நூறு பிரசங்கங்களைவிடத் தம்மூரார் தம் கையால் எழுதிய ஒரு கணக்கே மேலானது.

அறுவடைக் களத்தில் அடுத்த முறை நெல் குவியும்போது, அளக்கிற மரக்காலை ஒரு கணம் நிறுத்தி, இதில் எவ்வளவு வீட்டுக் குழந்தைகளுக்கு என்று கேட்டு, அதை முதலில் ஒதுக்கிவைக்கும் வழக்கம் தவளக்குப்பத்தில் நிலைபெறுமாயின், கூட்டுறவின் நோக்கம் நிறைவேறியதாகும்.